கணிப்பொறிக்குள் ஒரு வரப்பு

கோவை நகரத்து வீடுகளில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் வருவது சிறுவாணியோ பில்லூரோ. குடிக்கவும் சமைக்கவும் அதுதான். மற்றொன்றில் வருவது ஆழ்குழாய்க் கிணற்று நீர். துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் அது போதும். 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி' என்று சின்னக் குழந்தைகூடப் பெயர் சொல்லிப் பிரித்துவிடும். இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி, தனித்தனிக் குழாய். வசதிக்காக இரண்டையும் ஓரிடத்தில் இணைத்து, நடுவில் ஒரு வால்வு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. வால்வு இறுக மூடியிருக்கும் வரை தொல்லையில்லை. ஒருநாள் மூட மறந்தால், எந்தத் தொட்டியில் எந்த நீர் என்பதை நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வீட்டில் ஓடும் கணிப்பொறிக்கும் இதே சிக்கல் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையலாம். கணபதி, பீளமேடு, சிங்காநல்லூர் பக்கங்களில் வீட்டோடு சேர்ந்த சிறு பட்டறைகள் ஏராளம். அப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். கிரைண்டருக்கு உதிரி உறுப்புகள் கடைந்து கொடுக்கும் பட்டறை அது. மாடிப்படிக்குக் கீழே பழைய கணிப்பொறி ஒன்று இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிறது. நினைவகம் 16 ஜிகாபைட். பழைய சாமான் விலைக்குப் போட்டால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் அது செய்யும் வேலைகளைப் பாருங்கள். பட்டறையின் வரவு செலவும் ஜி.எஸ்.டி. கணக்கும் அதில் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் அனுப்பிய வரைபடங்கள் அதில் இருக்கின்றன. கேமராக்களின் பதிவும் அதில்தான். ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் பார்ப்பதற்கு ஒரு வலைப்பக்கமும் அதிலிருந்தே போகிறது. பொறியியல் கல்லூரியில் படிக்கும் மகன் தன் சோதனைகளையும் அதன் தலையிலேயே கட்டியிருக்கிறான். இத்தகைய கணிப்பொறியைத்தான் சர்வர் என்கிறோம். அதிலுள்ள கணக்கு அழிந்துபோனால், யாரிடம் எவ்வளவு வரவேண்டும் என்பதே அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் போய்விடும்.

பங்குக் கிணறு

ஒரு பெட்டி எப்படி இத்தனை வேலைகளைக் கலக்காமல் செய்கிறது? நம் ஊர்ப் பங்குக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று, பங்காளிகள் நால்வர். இன்றைக்கு ஒருவர் முறை, நாளைக்கு அடுத்தவர் முறை. பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தில் நிலத்தை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத் தண்ணீர் விடுவதும் இதே ஏற்பாடுதான். கணிப்பொறியில் ஹைப்பர்வைசர் என்னும் மேற்பார்வை மென்பொருள் இந்த முறையை விநாடியின் மிகச்சிறு கூறுகளில் வைக்கிறது. நினைவகத்தை மட்டும் முறை வைப்பதில்லை. பாத்தி கட்டி ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு பங்காளியும் தனக்கென்று ஒரு முழுக் கணிப்பொறி இருப்பதாகவே எண்ணிக்கொண்டு வேலை செய்கிறது. இதுவே மெய்நிகர் பொறி. விர்ச்சுவல் மெஷின் என்று வழங்குவதும் இதைத்தான்.

இது புதிய சரக்கன்று. அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தார் 1960-களின் நடுவிலேயே இதைச் செய்து பார்த்தார்கள், 1972-இல் வி.எம்./370 என்ற பெயரில் விற்பனைக்கும் வந்தது. அப்போது அதற்கு ஓர் அறை நிறையும் எந்திரம் வேண்டும். இன்டெல் நிறுவனம் 2005-இல் இதற்கென்றே தன் சில்லுகளில் வசதி செய்தது. 2007-இல் லினக்ஸின் கருவிலேயே கே.வி.எம். என்ற பகுதி சேர்ந்தது. அதன்பிறகு மாடிப்படிக்குக் கீழே உள்ள பெட்டிக்கும் அந்த வித்தை கைவந்துவிட்டது.

நம் பட்டறைக்காரரும் கணக்குக்கு ஒன்று, கேமராவுக்கு ஒன்று, வலைப்பக்கத்துக்கு ஒன்று, மகனின் சோதனைக்கு ஒன்று என நான்கு மெய்நிகர் பொறிகளை அமைத்துவிட்டார். "நாலும் தனித்தனிங்க, ஒண்ணுக்கு வந்தது இன்னொண்ணுக்குப் போகாது" என்று நிம்மதியாக இருக்கிறார். இந்த நிம்மதி பாதிதான் நியாயமானது.

தண்டோரா

நான்கின் நினைவகமும் தனி, வட்டும் தனி. ஆனால் வெளியுலகோடு பேசும் வழி? மேற்பார்வை மென்பொருளை நிறுவியதும் அது பெட்டிக்குள் ஒரு மெய்நிகர் சுவிட்சை உண்டாக்குகிறது. நாம் வேறொன்றும் சொல்லாவிட்டால் எல்லாப் பொறிகளையும் அந்த ஒரே சுவிட்சில் செருகிவிடுகிறது. வீட்டுக் கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் அதே வலையமைப்பில்தான் இருக்கின்றன. தொட்டிகளைத் தனித்தனியாகக் கட்டிவிட்டுக் குழாயை ஒன்றாகப் போட்டதற்கு ஒப்பானது இது.

ஒரே வலையமைப்பில் இருப்பவை எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரு பொறி மற்றொன்றுக்குத் தகவல் அனுப்ப வேண்டுமானால், முதலில் அதன் வன்பொருள் முகவரி தெரிந்தாக வேண்டும். அதற்காக அது தண்டோரா போடுகிறது: "192.168.1.5 யார்? இருந்தால் சொல்லவும்." இந்த அறிவிப்பு எல்லார் காதிலும் விழும். உரியவர் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பது மரபு. பொய் சொல்வதைத் தடுக்க இந்த ஏற்பாட்டில் ஒன்றுமில்லை. தீய நிரல் புகுந்த பொறி "நான்தான் அது" என்று முந்திக்கொண்டு கூவினால், அடுத்தவருக்குப் போக வேண்டிய தகவல் அதனிடம் வந்து சேரும். ஒருவரையொருவர் நம்பும் சிறு கூட்டத்துக்காக வகுத்த முறை இது. இன்று நம் வீட்டு வலையமைப்பில், யார் செய்தது என்றே தெரியாத பத்து ரூபாய்ச் சில்லுகள் எல்லாம் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

இதனால் விளைந்த கேட்டை உலகம் பார்த்திருக்கிறது. 2017 மே 12-ஆம் நாள் வான்னாக்ரை என்ற நச்சு நிரல் பரவத் தொடங்கி, சில நாள்களுக்குள் 150-க்கும் மேற்பட்ட நாடுகளை எட்டியது. அது கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது. யாரும் எதையும் அழுத்த வேண்டிய தேவையே அதற்கு இல்லை. விண்டோஸ் கணிப்பொறிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் 445 என்ற கதவிலிருந்த பழுதின் வழியே, ஒரே வலையமைப்பில் பக்கத்திலிருந்த பொறிகளைத் தானாகத் தேடிப் புகுந்தது. மைக்ரோசாஃப்ட் அந்தப் பழுதுக்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்னரே வெளியிட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் அகப்பட்டார்கள். சென்னையை அடுத்த ரெனால்ட்-நிசான் கார்த் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வந்தன. அதற்கு முந்திய ஆண்டு, மிராய் என்ற நிரல் கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் பிடித்தது. தொழிற்சாலையில் வைத்து அனுப்பிய கடவுச்சொல்லையே மாற்றாமல் விட்டவை அவை. அறுபது சொச்சம் பெயர்-கடவுச்சொல் இணைகளை வரிசையாகப் போட்டுப் பார்ப்பதே அதன் சாமர்த்தியம் முழுவதும்.

நம் பட்டறை வீட்டில் மகனின் சோதனைப் பொறிக்கோ, வாசல் கேமராவுக்கோ இப்படி ஒன்று வந்தால், கணக்குப் பொறிக்கும் அதற்கும் இடையே ஒரு தண்டோரா தூரம்தான்.

வண்ணக் கூம்புகள்

தீர்வு என்ன? ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பியும் தனிச் சுவிட்சும் வாங்கலாம். அது செலவு, மேலும் ஒரே பெட்டிக்குள் இருப்பவற்றுக்கு எங்கே கம்பி இழுப்பது? இதற்குக் கண்ட வழி நம் நூற்பாலைகளில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென விளங்கிவிடும்.

ஒரே கூடத்தில் பல எண் நூல்கள் ஓடும். கண்ணால் பார்த்தால் 40-ஆம் எண்ணும் 50-ஆம் எண்ணும் ஒன்றுபோலவே தோன்றும். கலந்துவிட்டாலோ துணியில் பட்டை பட்டையாகத் தெரியும், சரக்கு திரும்பிவரும். ஆகவே எண்ணுக்கொரு நிறத்தில் கூம்பு வைத்து நூலைச் சுற்றுகிறார்கள். ஒரே வண்டியில் போனாலும் நிறத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாம்.

வலையமைப்பிலும் தகவல் சிறு சிறு சிப்பங்களாகவே செல்கிறது. ஒவ்வொரு சிப்பத்தின் தலைப்பிலும் 4 பைட் அளவுள்ள ஓர் அடையாளச் சீட்டைச் செருகுவதே இந்த முறை. சீட்டில் 12 பிட் இடம் எண்ணுக்கு உரியது. 12 பிட்டில் 4096 எண்கள் எழுதலாம். முதலும் கடைசியும் போக 4094 வலைப்பகுதிகளைப் பிரிக்கலாம். நமக்கு ஐந்தாறு போதும். இதற்கு வீ-லான் என்று பெயர். 1980-களில் அமெரிக்காவின் பெல்கோர் ஆய்வகத்தில் டேவிட் சின்காஸ்கி என்பவர் தொடங்கிவைத்த சிந்தனை இது, 1998-இல் 802.1 கியூ என்ற பொதுத் தரமாக வெளிவந்தது.

ஒரு நுட்பத்தை இங்கே கவனிக்க வேண்டும். சீட்டை ஒட்டுவதும் கழற்றுவதும் சுவிட்சின் வேலை. மெய்நிகர் பொறிக்கு அதில் பங்கில்லை. கேமராப் பொறியைச் செருகியிருக்கும் துளைக்கு நாம் 30 என்று எண் கொடுத்துவிட்டால், அதிலிருந்து வரும் ஒவ்வொரு சிப்பத்துக்கும் சுவிட்சே 30-ஆம் சீட்டை ஒட்டும். 30-ஆம் எண்ணுள்ள மற்றத் துளைகளில் மட்டுமே, சீட்டைக் கழற்றிவிட்டு வெளியே விடும். பொறிக்குத் தன் நிறம் என்னவென்றே தெரியாது. தெரியாததால், அதைத் தீயவர் கைப்பற்றினாலும் நிறத்தை மாற்றிக்கொள்ள வழியில்லை. சிலர் 'எல்லாச் சீட்டும் போகட்டும்' என்று மெய்நிகர் பொறியின் துளையைத் திறந்து விடுவார்கள். அப்போது வேண்டிய நிறத்தைப் பூசிக்கொள்ளும் உரிமை அந்தப் பொறிக்கே போய்விடுகிறது. அந்த உரிமை கீழே வரும் காவல் பொறிக்கு மட்டுமே உரியது.

பெட்டிக்குள் இருப்பவற்றை மட்டும் பிரிக்க வேண்டுமானால் பணமாக எதுவும் செலவில்லை. வெளியிலுள்ள கேமராக்களையும் கைப்பேசிகளையும் சேர்த்துப் பிரிக்க வேண்டுமானால், சீட்டைப் படிக்கத் தெரிந்த சுவிட்சும், வெவ்வேறு பெயரில் வைஃபை கொடுக்கும் கருவியும் வேண்டும். மலிவான சாதாரணச் சுவிட்சுக்குச் சீட்டு புரியாது. சீட்டின் எண்ணைப் பார்த்துப் பிரிக்காமலே வந்ததை அனுப்பிவிடும்.

மடையும் காவலும்

வரப்பு போட்டாயிற்று. கணக்கு 10, வீட்டார் 20, கேமரா 30, வலைப்பக்கம் 40, சோதனை 50, நிர்வாகம் 99 என்று வைத்துக்கொள்வோம். முகவரிகளையும் அதற்கேற்ப 192.168.10, 192.168.20 என்று கொடுத்தால் பின்னால் நினைவில் வைக்க எளிது. ஒவ்வொன்றிலும் 254 கருவிகளுக்கு இடம் உண்டு. ஆனால் இப்போது எதுவும் எதோடும் பேசாது. கணக்கறையிலிருந்து கேமராவைப் பார்க்க வேண்டாமா? ஜி.எஸ்.டி. கணக்கை இணையத்தில் செலுத்த வேண்டாமா? வரப்பில் மடை வேண்டும். மடையில் காவல் வேண்டும். எல்லாப் பகுதிகளிலும் ஒரு கால் வைத்திருக்கும் ரூட்டர்தான் மடை; அதிலுள்ள ஃபயர்வால் விதிகள்தான் காவல். இதையும் ஒரு மெய்நிகர் பொறியாகவே அமைத்துக்கொள்ளலாம். இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன.

இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எண் கொடுப்பதில் காட்டும் அக்கறையை விதி எழுதுவதில் காட்டுவதில்லை. 'எல்லாரும் எங்கும் போகலாம்' என்ற ஒரு விதியை மடையில் வைத்துவிட்டால், வரப்பு போட்டதெல்லாம் வீண். முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு, தேவையானதை ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். கணக்கிலிருந்து இணையத்துக்குப் போகலாம். கேமராப் பதிவைப் பார்க்கலாம். வீட்டாருக்கும் அவ்வளவே. கேமராவுக்கு எங்கும் போகும் வேலை இல்லை, இணையத்துக்குக்கூட. வலைப்பக்கப் பொறி வெளியிலிருந்து வரும் கேள்விக்குப் பதில் சொல்லலாம். உள்ளே எவரையும் தானாக அழைக்கக் கூடாது. சோதனைப் பொறிக்கு இணையம் மட்டும். நிர்வாகப் பகுதிக்குள் வீட்டுத் தலைவரின் ஒரே ஒரு கணிப்பொறி மட்டும் நுழையலாம்.

'கணக்கிலிருந்து கேமராவுக்குப் போகலாம், கேமராவிலிருந்து கணக்குக்கு வரக் கூடாது' என்றால், கேமராவின் படம் எப்படித் திரும்பி வரும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பம்பு செட்டில் தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வை உவமை சொல்லலாம். ஆனால் உவமை முழுதும் பொருந்தாது. ஃபயர்வால் யார் முதலில் பேச்சைத் தொடங்கினார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்கிறது. தொடங்கிய பேச்சுக்கு வரும் மறுமொழியை விடுகிறது. எதிர்ப் பக்கம் தானாகத் தொடங்கும் பேச்சை மறிக்கிறது.

இத்தகைய பிரிவினை எவ்வளவு பெரிய இடத்தில் காரியமாயிற்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் கணிப்பொறி ஒன்றில் தீய நிரல் இருப்பதாக 2019 செப்டம்பர் 4-ஆம் நாள் தகவல் வந்தது. முதலில் மறுப்பு வெளியாயிற்று. மறுநாளே, அக்டோபர் 30-ஆம் நாள், இந்திய அணுமின் கழகம் அதை ஒப்புக்கொண்டது. தொற்றிய கணிப்பொறி, நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு தொடர்புள்ள வலையமைப்பைச் சேர்ந்தது. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டது என்பது கழகத்தின் விளக்கம். நாம் வீட்டில் சீட்டு ஒட்டிப் பிரிப்பது அந்த அளவு வலிமையுடையதன்று. நமது வரப்பு, ஒரே மண்ணில் எழுப்பிய வரப்பு.

வரப்பு உடையும் இடங்கள்

அந்த மண் எங்கே இளகும்? முதலாவது, மேற்பார்வை மென்பொருளே. 2015 மே மாதம் வெனம் என்றொரு பழுது வெளிப்பட்டது. பல மேற்பார்வை மென்பொருள்களில் பழைய ஃபிளாப்பி வட்டை இயக்குவதற்கென்று சேர்த்திருந்த நிரலில், 2004 முதலே அந்த ஓட்டை இருந்திருக்கிறது. ஃபிளாப்பியைக் கண்ணால் பார்த்தே பல ஆண்டு ஆனவர்கள் வீட்டிலும், அதன் வழியாக ஒரு மெய்நிகர் பொறியிலிருந்து பெட்டி முழுவதையும் பிடித்துவிட இயலுமாக இருந்தது! திருத்தங்களை அவ்வப்போது போட வேண்டியதன் காரணம் இதுவே. மேற்பார்வை மென்பொருளின் நிர்வாகப் பக்கத்தை 99-இல் தனியே வைப்பதும் இதனால்தான். கிணற்றின் சாவியைக் கிணற்று மேட்டிலேயே தொங்கவிடக் கூடாது.

இரண்டாவது, தொலைக்காட்சி. இது வேடிக்கையன்று. பிரித்த மறுநாளே, கைப்பேசியிலுள்ள படத்தைத் தொலைக்காட்சிக்கு அனுப்ப முடியவில்லை என்று வீட்டில் முறையீடு வரும். இக்கருவிகள் ஒன்றையொன்று தேடிக்கொள்வது தண்டோரா முறையில். தண்டோரா வரப்பைத் தாண்டாது. உடனே வீட்டுப் பெரியவர் மடையை முழுவதும் திறந்துவிடுவார். அடைத்தவர் யார், திறந்தவர் யார் என்பது ஆறு மாதம் கழித்து எவருக்கும் நினைவிருக்காது. தொலைக்காட்சியைக் கைப்பேசிகளோடு 20-இலேயே வைத்துவிடுவது உத்தமம்.

மூன்றாவது, இரண்டு கால் வைத்த பொறி. பதிவுகளைக் கணக்குப் பொறியில் சேமித்தால் வசதி என்று கேமராப் பொறிக்குப் பத்தாம் பகுதியிலும் ஓர் இணைப்பைக் கொடுப்பார்கள். முதற்பத்தியில் சொன்ன வால்வு இதுதான். காவலுக்குத் தெரியாமலே இரு தண்ணீரும் சேர்ந்துவிடும்.

நான்காவது, முகவரியின் ஆறாம் பதிப்பு. விதிகளையெல்லாம் பழைய நான்காம் பதிப்பு முகவரிகளுக்கு மட்டும் எழுதிவிட்டு மறந்துவிடுகிறோம். இந்தியாவில் பல இணைய நிறுவனங்கள் ஆறாம் பதிப்பு முகவரியையும் சேர்த்தே கொடுக்கின்றன. முன்வாசலில் பூட்டு, கொல்லைப்புறம் திறந்த வெளி!

சிறு தொல்லைகளும் உண்டு. இணையம் மறுக்கப்பட்ட கேமராவின் கடிகாரம் நாளாக ஆகப் பிசகும். நேரம் தவறிய பதிவு, திருட்டுப் போன அன்று உதவாது. ஆகவே மடையிலுள்ள ரூட்டரே நேரம் சொல்லுமாறு அமைத்து, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் வழி விட வேண்டும். வேலை தொடங்குமுன் பெட்டியில் விசைப்பலகையையும் திரையையும் நேரடியாக மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். வலையமைப்பு வழியாகவே வலையமைப்பை மாற்றப்போய், ஒரு தவறான எண்ணால் தன்னையே வெளியே வைத்துப் பூட்டிக்கொண்ட அனுபவம் இக்கட்டுரையாளனுக்கு உண்டு. அன்று இரவு வீட்டில் இணையமும் இல்லை, சரியான பேச்சும் இல்லை.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்க்க வேண்டும். மகனின் சோதனைப் பொறியில் உட்கார்ந்து கணக்குப் பொறியின் முகவரிக்கு 'பிங்' கட்டளை கொடுங்கள். பதில் வரக் கூடாது. ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது; பிங்குக்கு வாய் திறக்காத பொறி வேறு கதவைத் திறந்து வைத்திருக்கலாம். வான்னாக்ரை நுழைந்த அதே 445-ஆம் கதவைத் தட்டிப் பாருங்கள். பின்னர் ஆறாம் பதிப்பு முகவரியிலும் ஒருமுறை தட்டுங்கள். கேமராப் பகுதியிலிருந்தும் வலைப்பக்கப் பொறியிலிருந்தும் இதையே செய்யுங்கள். எங்கேனும் கதவு திறந்தால், விதிகளின் வரிசையைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஃபயர்வால்கள் மேலிருந்து கீழே படித்து, முதலில் பொருந்தும் விதியோடு நின்றுவிடுகின்றன. தொலைக்காட்சிக்காக அவசரத்தில் எழுதிய விதி பெரும்பாலும் அங்கே மேலேதான் உட்கார்ந்திருக்கும்.